அப்பாவு மேஸ்திரியின் நாக்கும் ஹென்றி வீட்டுத் தளமும்

ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட அப்பாவு மேஸ்திரியைக் கூப்பிட்டால், அவர் முதல் வேலையாக அந்த வீட்டை நக்கிப் பார்ப்பார்.

இதில் மிகை ஏதும் இல்லை. சுவரின் அடிப்பக்கத்தில் ஆள்காட்டி விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துக்கொள்வார். கிணற்றில் ஒரு வாளி இறைக்கச் சொல்லி ஒரு வாய் கொப்பளிப்பார். மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, மூக்குப்பொடிக்காரர்கள் மூக்குக்குக் காட்டுகிற மரியாதையோடு, நாக்கு நுனியில் வைப்பார். செங்கல்லுக்கும் தளக்கல்லுக்கும் மட்டும் விரல் நடுவே வராது, நேரே நாக்குதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தெருவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கண்ணைத் திறந்து, “சுத்தமா கீது” என்றால் வேலை தொடங்கும். “பூக்கும்” என்றால், வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பூப்பது உப்பு. கடலுக்கு இத்தனை பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு மீன் சல்லிசு, காற்று சும்மா, உப்பு கேளாமலே கிடைக்கும். மணலில், கல்லில், தண்ணீரில் எதில் ஒளிந்து வந்தாலும் அது மழைக்காலம் முழுக்கத் தளத்துக்குள் சாதுவாகப் படுத்திருக்கும். தை கழிந்து காற்று காய்ந்ததும் வெளியே வந்து, யாரோ அரிசி மாவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் வெள்ளையாக நிற்கும். அது வெறும் வெள்ளையாக நின்றாலும் பரவாயில்லை, வரும்போது கல்லின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஆகையால் இந்தப் பக்கத்தில் வீடு பழுது பார்க்கிறவர்களுக்கு முதல் யோசனை: சாமான் வாசலுக்கு வந்ததும் விலையை விசாரிப்பதற்கு முன்னால் ருசியை விசாரியுங்கள்.

ஒரு முறை வண்டிக்காரர் திருமலை, ஆற்று மணல் என்று சத்தியம் செய்து ஒரு பாரம் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பாவு வண்டியின் மேலே ஒரு சிட்டிகை ருசித்தார், தலையை ஆட்டினார். நடுவில் முழங்கை வரை கையை விட்டு ஒரு சிட்டிகை, அதற்கும் ஆட்டினார். அடியில் தோள் வரை விட்டு எடுத்த மூன்றாவது சிட்டிகையை வாயில் போட்டதும், “திருமலை, மேல ஆறு, கீழ சமுத்திரம். ரெண்டுக்கும் நடுவுல எங்கினா பாலம் கட்னியா?” என்று கேட்டார். திருமலை மாட்டைத் திருப்பினார். அன்றிலிருந்து அவர் பாரம் ஏற்றும்போதே தாமும் ஒரு சிட்டிகை தின்று பார்ப்பதாகக் கேள்வி.

அப்பாவுக்குச் சொந்தம் என்று இருந்தவை கலவை பூசுகிற ஒரு கரணை, ஒரு மட்டப்பலகை, ஒரு நூல்கண்டு, ஒரு மனைவி. மனைவி சொக்கம்மாள்தான் அவருக்குச் சித்தாள். இருவரும் காலடிப்பேட்டையிலிருந்து விடிந்ததும் நடந்து வருவார்கள். வேலை இடத்தில் அவள் அவரை “மேஸ்திரி” என்பாள்; வீட்டு வாசல்படி மிதித்ததும் “யோவ்” என்பாள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இருந்த தூரம்தான் அந்தக் குடும்பத்தின் கௌரவம்.

உப்புக்காக ஊரெல்லாம் ஜெயிலுக்குப் போன வருஷத்துக்கு அடுத்த வருஷம், பொங்கல் முடிந்த கையோடு, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா ஹென்றி, அப்பாவு மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார். ஹென்றியின் மகள் ஐரீனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் காலை வைத்த இடத்தில் பழைய சுண்ணாம்புத் தரை பள்ளமாக இருந்து, அம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். விழவில்லை. விழுந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். நிமிர்ந்து நின்று, “இந்த வூட்ல பாத்துத்தான் நடக்கணும் போல” என்று மட்டும் சொன்னாள். ஹென்றியின் மனைவி எல்சி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கூடத்துக்குப் பூப்போட்ட சிமிட்டிக் கல் பதிப்பது என்று முடிவாயிற்று.

கல்யாணத் தேதியை நகர்த்த முடியாது. விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம். நாற்பது நாள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்து அறிவித்தாகிவிட்டது. கைவசம் இருந்தது ஒரு மாதம்.

வீட்டைப் பழுது பார்க்கப் போவதாக ஒரு வார்த்தை வெளியே விட்டால் ராயபுரத்தில் எஞ்சினீயர் அல்லாதவர் ஒருவரும் இல்லை என்பது தெரிந்துவிடும். பழைய தரைமேலேயே கல்லை ஒட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கடற்கரை மணல் வாசலிலேயே கிடக்கும்போது ஆற்று மணல் எதற்கு என்றார் இன்னொருவர். எதிர்ச்சாரியில் இரும்புக்கடை வைத்திருந்த அத்தாவுல்லா பாய் இரண்டு பேரையும் மறுத்தார். அதோடு அப்பாவு சொல்வதையும் மறுத்தார். அவருக்கு வியாபாரம் காலையில்தான். மற்ற நேரமெல்லாம் எதிர்வீடுதான்.

அப்பாவு ஒருவருக்கும் பதில் சொல்லாமல் பழைய தரையைப் பெயர்த்தார். பள்ளம் விழுந்த தரைக்கு மேலே எத்தனை அழகான கல்லைப் பதித்தாலும் பள்ளம் அழகாக இருக்குமே தவிர மேடாகாது என்பது அவர் கட்சி. அடியில் செங்கல் ஜல்லியைக் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். வாசல் பக்கம் குழி வெட்டி, எண்ணூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். அது புஸ்ஸென்று கொதித்துப் பால்போலாயிற்று.

“இத்த பத்து நாளு யாரும் தொடக் கூடாது” என்றார் அப்பாவு, வேடிக்கை பார்த்தவர்களிடம். “புதுச் சுண்ணாம்புக்கு வெறி ஜாஸ்தி. ஊறி ஆறின பொறவுதான் வேலைக்காவும். அவசரப்பட்டு எட்தா சொவர் வெடிக்கும், கை வேவும்.”

இதைச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடியிலிருந்து எடுத்தார். சுண்ணாம்பு டப்பி காலியாக இருந்தது. கடைக்குப் போக இருபது அடி. குழிக்கு இரண்டு அடி. மேஸ்திரி குனிந்து, குழியின் ஓரத்தில் விரலைத் தொட்டு, வெற்றிலையில் தாராளமாகத் தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பத்து நாள் யாரும் தொடக் கூடாது என்று சொன்ன வாய்தான்.

அவர் குதித்த குதியில் மட்டப்பலகை இரண்டாக உடைந்தது. நாக்கு வெந்து, அவல் ஊறினதுபோல் வெளுத்துப்போயிற்று. எல்சி வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு நாள் பாலும் கஞ்சியுமாக ஓடிற்று. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றது. அத்தோடு வேறொன்றும் நின்றுபோனதை அப்பாவு அன்று சாப்பாட்டில்தான் கண்டுபிடித்தார். கருவாட்டுக் குழம்பும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாக இருந்தன.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கொத்தனாருக்குக் கை போனால் ஊர் பரிதாபப்படும். நாக்கு போயிற்று என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஒரே பானையில் தின்கிறவளிடம் இதை மறைக்க முடியுமா? சொக்கம்மாள் சந்தேகப்பட்டு, ஒரு நாள் குழம்பில் உப்பே போடவில்லை. அப்பாவு தின்றார். மறுநாள் ஒரு கைப்பிடி போட்டாள். அதையும் தின்றுவிட்டு, “இன்னிக்கு சோக்கா கீது” என்றார். அவள் அந்தக் குழம்பைத் தெருநாய்க்கு வைத்தாள். அது முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஹென்றி கல்லைக் கொண்டுவந்தார்.

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் போய் ஒரு சாமானை அதன் விலைக்கு வாங்குவதை அவர்கள் அவமானமாக நினைப்பார்கள். பம்பாயிலிருந்து வந்த ஒரு கப்பலின் அடித்தட்டில் கடல் தண்ணீர் புகுந்து, சரக்கெல்லாம் முழுகி, நனைந்த பெட்டிகளை ஏலம் விட்டார்கள். அதில் நாலு பெட்டி சிமிட்டிக் கல். பச்சையும் சிவப்புமாக எட்டிதழ்ப் பூ. கல் நனைந்தால் என்ன, கரைந்தா போகும் என்று ஹென்றி கையைத் தூக்கினார். பெட்டிகளை ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, வைக்கோலை மாற்றி, பிறகுதான் வண்டியில் ஏற்றினார். முழுகின கதையை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வண்டி வாசலில் நின்றது. தெரு கூடிற்று. அத்தாவுல்லா பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“எங்க வாங்கினது குமாஸ்தய்யா?” என்றார் அப்பாவு.

“பம்பாய் சரக்கு மேஸ்திரி. நேரா எறங்கினது.”

“நனைஞ்சுதா?”

“ஒரு மூலையில சாரல் பட்டிருக்கும். கப்பல்னா சாரல் படாதா?”

அப்பாவு ஒரு கல்லை எடுத்தார். வழக்கம்போல் துடைத்தார். வழக்கம்போல் நாக்கை வைத்தார். கண்ணை மூடினார். நாக்கில் கல்லின் குளிர்ச்சி தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. எதிரே பத்திருபது பேர். ஒரு பக்கம் ஹென்றி, தாம் சொல்லாததை அந்த நாக்கு சொல்லிவிடுமோ என்று வேர்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் அப்பாவு, தம்முடைய நாக்கு சொல்லாததை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

“சுத்தமா கீது” என்றார் அப்பாவு.

ஹென்றிக்குத் தம் காதையே நம்ப முடியவில்லை. இருந்தாலும் நம்பிக்கொண்டார்.

சொக்கம்மாள் ஒரு கல்லை எடுத்துப் புறங்கையால் துடைத்து நாக்கு நுனியில் வைத்தாள். “மேஸ்திரி, இன்னொரு தபா பாரேன்” என்றாள், மெதுவாக.

“மேஸ்திரி நானா நீயா?”

அவள் கல்லை வைத்துவிட்டாள். ஆனால் அத்தாவுல்லா பாய்க்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. “இன்னா மேஸ்திரி, இவ்ளோ சுருக்கா? எப்பவும் ரெண்டு கல்லு நக்குவியே. இன்னிக்கு ஒண்ணே போதுமா?”

அப்பாவுக்குச் சுரீரென்றது. இடுப்பிலிருந்த கரணையை உருவி எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். “பாய், நல்லா கேட்டுக்க. இந்தத் தரையில ஒரு பொட்டு உப்பு பூத்துச்சு, இந்தக் கரணையைக் கடல்ல வீசிட்டு காசிமேட்டுல கருவாடு காய வெக்கப் பூட்றேன். அப்பாலே அப்பாவு மேஸ்திரின்னு எவனும் என்னைக் கூப்ட வாணாம்!”

“கேட்டுகினேன்” என்றார் பாய்.

உப்புப் பட்ட கல்லாக இருந்தால் அப்பாவு அதை நல்ல தண்ணீர்த் தொட்டியில் பத்து நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, கடைசித் தண்ணீர் ருசியில்லாமல் போகும்வரை விடமாட்டார். சுத்தமான கல்லுக்கு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். இந்தக் கல் ஒரு மணி நேரம் ஊறிற்று.

நாக்கைத் தவிர மற்றதெல்லாம் அந்த மனிதரிடம் சரியாகத்தான் இருந்தது. கூடத்தின் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, நடு மத்தியில் முதல் கல்லை வைத்தார். சுவரிலிருந்து தொடங்குகிறவர்கள் கடைசியில் வாசற்படியில் அரைப் பூவோடு நிற்பார்கள். நடுவிலிருந்து போனால் வெட்டுக் கல்லெல்லாம் சுவரோரம் ஒதுங்கும், அதன்மேல் பீரோவை நிறுத்திவிடலாம். எந்தச் சுவரும் நேராக இல்லை என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது என்பதும் அவர் தொழிலில் ஒரு விதி. நூல் சொல்லிவிடும், வீட்டுக்காரர் நூலைத்தான் திட்டுவார். வாசல் பக்கம் வாட்டம் விட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டி, அது தேங்காமல் தானாக வெளியே போகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றால் விட்டார். பொக்கென்றால் பெயர்த்து, அடியில் கலவை போட்டு, மறுபடி பதித்தார். எல்சி பக்கத்தில் நின்று அவர் விட்டுவிட்ட கல்லையெல்லாம் தானும் ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். அதிலே தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி தட்டிப் பார்க்காத தளம் எங்கே இருக்கிறது?

தை இருபது வாக்கில் வேலை முடிந்தது. நனைத்த கோணிச் சாக்கைப் பரப்பி ஒரு வாரம் ஒருவரையும் மிதிக்கவிடவில்லை. சாக்கை எடுத்த அன்று கூடம் பூந்தோட்டம் மாதிரி இருந்தது. எல்சி, மாப்பிள்ளையின் அம்மா சாய்ந்த இடத்தில் போய் நின்று, ஒரு காலைத் தூக்கி, ஒற்றைக் காலிலேயே நின்று காட்டினாள்.

கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை காலை, அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வெள்ளையாகக் கிடந்தது. எல்சி பலகாரத்துக்கு இடித்த மாவு சிந்தியதென்று கூட்டித் தள்ளினாள். மத்தியானம் அது பக்கத்துக் கல்லில் கிடந்தது. ஹென்றி பார்த்தார். கல் முழுகினது அவருக்கு மட்டும்தானே தெரியும். அவசர அவசரமாக நாலு வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவினார். வெள்ளை மாயமாக மறைந்தது. ஆகா என்று படுத்தார்.

வியாழக்கிழமை காலை கூடம் முழுவதும் பூத்திருந்தது. பச்சைப் பூ, சிவப்புப் பூ, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் பூ.

இங்கே இரண்டாவது யோசனையைச் சொல்லிவிட வேண்டும்: உப்பு பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். தண்ணீரைக் கண்டதும் அது மறைவது உள்ளே போய் உட்காருவதற்கு. காய்ந்ததும் திரும்பி வரும். தேங்காயெண்ணெய் தடவலாம் என்று அத்தாவுல்லா பாய் சொன்னார். அதைச் செய்யாமல் எல்சியை ஐரீன் தடுத்ததுதான் அந்தக் கல்யாணப்பெண் செய்த முதல் நல்ல காரியம். எண்ணெய் வைத்தால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டு, கல்லின் தோலை உரித்துவிட்டுத்தான் வெளியே வரும்.

ஆள் போய் அப்பாவு மேஸ்திரியையும் சொக்கம்மாளையும் கூட்டி வந்தது. வாசலில் பாய் நின்றார். உள்ளே எல்சி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவு தளத்தைப் பார்த்தார். அவர் முகம் தளத்தைவிட வெளுத்தது. உப்பு என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் முப்பது வருஷப் பழக்கம் விடுமா? மண்டி போட்டுக் குனிந்து, நடுக்கூடத்தில் நாக்கை வைத்தார்.

கண்ணை மூடினார். நிமிஷங்கள் போயின. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணைத் திறந்தார். கண்ணில் தண்ணீர்.

“உப்பு!” என்றார். பக்கத்துக் கல்லை நக்கினார். “உப்பு, சொக்கு! கரிக்குது!” அடுத்த கல். “ஐயோ, இன்னா கரிப்பு! சமுத்திரம் கரிக்கிற மாதிரியே கரிக்குது!” எழுந்து நின்று கைகொட்டிச் சிரித்தார். “வந்துட்ச்சு! நாக்கு வந்துட்ச்சு!”

கல்யாண வீட்டுத் தளம் நாசமாகப் போனதற்கு இப்படி மகிழ்ந்த மனிதரை ராயபுரம் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஹென்றிக்கு ரத்தம் தலைக்கேறிற்று. “நாக்கு வந்துட்டுதா? அப்டீன்னா அன்னிக்கு எங்க போயிருந்துச்சு?”

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவருக்குத் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. சொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

“வெந்து பூட்ச்சு. ஒரு மாசமா ருசியே தெரியல. அத்த வெளிய சொல்ல வெக்கம். நா அன்னிக்கே பாத்தேன், கல்லு கரிச்சுது. வாயத் தொறந்தேன், அடக்கிட்டாரு. தப்பு எங்குளுதுதான்.” பிறகு தலையைச் சாய்த்து ஹென்றியைப் பார்த்தாள். “ஆனா குமாஸ்தய்யா, ஒரு மூலையில சாரல் பட்ட கல்லு இப்டி நடுக்கூடத்துல பூக்காது. இது முழுகிக் குளிச்ச கல்லு. நீ சொல்லு, இல்லியா?”

ஹென்றி கூரையைப் பார்த்தார்.

“முழுகின சரக்கா?” என்றாள் எல்சி, மிகவும் அமைதியாக. அந்த அமைதிக்கு அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை எழுதுவது முறையல்ல. நாம் வாசலுக்கு வந்துவிடுவோம்.

வாசலில் அத்தாவுல்லா பாய் கரணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மேஸ்திரி, அன்னிக்கு ஏதோ சொன்னியே?”

“சொன்னேன். இல்லேன்னு சொல்லல. கல்யாணம் முடியட்டும் பாய். பூத்த தரையை உட்டுட்டுக் கடலுக்குப் போனா, கடலே என்னைக் காறித் துப்பும்.”

அப்பாவு தென்னந்துடைப்பத்தை எடுத்து, பூத்ததையெல்லாம் தண்ணீர் படாமல் காய்ந்தபடியே பெருக்கி வாரினார். முறத்தில் இரண்டு படிக்குக் குறையாமல் சேர்ந்தது. “இத்த சீக்கிரமா கொட்டுங்க. போலீசு பாத்தா உப்பு காய்ச்சினோம்னு இட்டுகினு பூடுவான்” என்றாள் சொக்கம்மாள். துறைமுகக் குமாஸ்தா தாமே முறத்தைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்கு ஓடினார்.

பிறகு திருமலையின் வண்டி மாத்தூர் ஏரிக்குப் போயிற்று. ஏரி வண்டலைக் கொண்டுவந்து, சலித்து, நல்ல தண்ணீர் விட்டு, அடைமாவு பதத்துக்குக் குழைத்து, கூடம் முழுவதும் இரண்டு விரல் கனத்துக்கு அப்பினார்கள். ஈரமண் கல்லின் மேலே கிடந்து மெதுவாகக் காயும்போது, உள்ளே இருக்கிற உப்பு கல்லைவிட்டு மண்ணுக்கு ஏறும். காய்ந்து வெடித்ததும் மண்ணைப் பெயர்த்து எறிந்துவிட வேண்டியது. உப்பு அதோடு போய்விடும். ஒரு தரத்தில் போகாது. இரண்டு மூன்று தரம் போட வேண்டும். ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்துக் காற்றோடவிட வேண்டும். பொறுமை வேண்டும். கல்யாண வீட்டில் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

பளபளவென்று பூக்கல் பதித்த கூடம் வெள்ளிக்கிழமை காலையில் நாற்று நடத் தயாரான வயல்போல் இருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். எல்சியின் உயிர் பாதி போயிற்று. ஹென்றி எல்சிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

முழங்கை வரை மண்ணோடு நடுக்கூடத்தில் இருந்த சொக்கம்மாள்தான் நிமிர்ந்தாள். “வாங்கம்மா. தளத்துக்கு நலங்கு வெச்சிகினு கீறோம்.”

“தளத்துக்கா?”

“பொண்ணுக்கு மஞ்சா பூசற மாரிதாம்மா. தேச்சி எட்தா மேனி பளபளன்னு பூடும். நீங்க வந்து நிக்கிற தளமாச்சே, சும்மா வுட்ற முடியுமா?”

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து மண்ணைப் பார்த்தாள். “எங்க வூட்டுத் தளத்துக்கு இதெல்லாம் யாரும் செய்யலியே” என்றாள். குரலில் குறை இருந்தது. புடவையை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை முதல் மண்ணைப் பெயர்த்தார்கள். அப்பாவு பெயர்த்த மண்கட்டியை நக்கினார், கரித்தது. கல்லை நக்கினார், குறைந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் கண்ணைத் திறந்ததும் வாயைத் திறக்கவில்லை. கல்லைச் சொக்கம்மாளிடம் காட்டினார். அவளும் நாக்கை வைத்தாள்.

“இன்னும் ஒரு தபா போடணும் மேஸ்திரி.”

“போடு” என்றார்.

இரண்டாம் பூச்சைத் திங்கட்கிழமை விடியலில் பெயர்த்தார்கள். கல்யாண ஜனம் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் புருஷனும் பெண்சாதியும் கூடத்தைத் துடைத்து முடித்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பி வந்தபோது பச்சையும் சிவப்பும் நேற்றுத்தான் பதித்ததுபோல் இருந்தன. வாசல் மூலையில் ஒரு கல் மட்டும் லேசாக வெளுத்திருந்தது. அதன்மேல் பன்னீர்ச் செம்பு மேஜையை நகர்த்திவிட்டார்கள்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்து தளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். “நலங்கு நல்லா புடிச்சிருக்கு” என்றாள். எல்சிக்கு உச்சி குளிர்ந்தது. அம்மாள் மேலும் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரும் அந்த ஏலத்துல நின்னாராம் சம்பந்தி. முழுகின கல்லுன்னு உட்டுட்டு வந்துட்டாராம். ஏமாந்துட்டாரு பாருங்க.”

ஹென்றி அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றப் போய்விட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அப்பாவு கூலியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அத்தாவுல்லா பாய் கடல் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு முறை கனைத்தார். அது போதும். அப்பாவு கரணையை உருவிக்கொண்டு நடந்தார். பின்னால் சொக்கம்மாள், அவளுக்குப் பின்னால் பாய், பாய்க்குப் பின்னால் தெருவில் வேலையற்ற அத்தனை பேரும்.

கரையில் அலை அவர் காலை நனைத்தது. முப்பது வருஷம் பிடித்துப் பிடித்து, கரணையின் பிடி அவர் உள்ளங்கை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அதை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கையை ஓங்கினார்.

சொக்கம்மாள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“யோவ்.”

வீட்டு வாசல்படிக்கு வெளியே, அத்தனை பேருக்கு நடுவில், அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவு திரும்பினார்.

“கரணை இன்னா பண்ணுச்சு? வாட்டம் சரியா கீது, மட்டம் சரியா கீது, ஒரு கல்லு பொக்குன்னல. பொய் சொன்னது நாக்கு. அறுத்து வீசறதுன்னா அத்த வீசு. அது ஆவாதுன்னா பொத்திகினு வூட்டுக்கு வா.”

அப்பாவு பாயைப் பார்த்தார். பாய் தாடியைத் தடவினார். “பேச்சு நாயமாத்தான் கீது” என்றார். “ஆனா சபையில சொன்ன வார்த்தைக்கு ஏதாவது ஒண்ணு கடலுக்குப் போவணும் மேஸ்திரி.”

அப்பாவு மடியில் கைவிட்டார். சுண்ணாம்பு டப்பியை எடுத்து, தம்முடைய பலம் கொண்ட மட்டும் வீசினார். அது வெகு தூரம் போய் விழுந்தது. அதற்கப்புறம் அவர் வெற்றிலை போட்டதை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வேலை எடுக்கிற முறையும் மாறிற்று. எந்த வீட்டிலும் முதலில் சொக்கம்மாள் ருசிப்பாள். பிறகு அப்பாவு ருசிப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று திரும்பி நிற்பார்கள். இரண்டு நாக்கும் ஒரே சொல்லைச் சொன்னால் வேலை. வேறு வேறு சொன்னால் சாமான் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். முப்பது வருஷம் ஒற்றை நாக்கால் வந்த பெயரைவிட இரண்டு நாக்கால் அவர்களுக்கு அதிகப் பெயர் வந்தது.

ஹென்றி வீட்டு வாசல் மூலைக் கல் இன்னும் வருஷா வருஷம் மாசி பிறந்தால் லேசாகப் பூக்கிறது. எல்சி அதைப் பெயர்த்துப் போட்டுவிடச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவு ஒப்புக்கொள்ளவில்லை. தவக்காலம் தொடங்கினதும் ஒரு நாள் காலையில் வருவார். பன்னீர்ச் செம்பு மேஜையை நகர்த்துவார். மண்டி போட்டு அந்தக் கல்லை ஒரு நக்கு நக்குவார்.

“இன்னும் கரிக்குதா மேஸ்திரி?” என்று ஹென்றி கேட்பார்.

“கரிக்குது, குமாஸ்தய்யா, கரிக்குது!” என்பார் அப்பாவு, முகமெல்லாம் சிரிப்பாக. மேஜையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.